அபிவிருத்தி: சொல் விளக்கம்

யாழ்ப்பாணத்தில் இந்தச் சொல்லுக்குத் தப்பி ஒரு நாளைக் கழிக்க முடியாது. கிராம அபிவிருத்திச் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், அபிவிருத்தி உத்தியோகத்தர். ஏன், லொத்தர் விற்கக்கூட அபிவிருத்தி லொத்தர் சபை ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் வளர்ச்சி, மேம்பாடு என்று எழுதுகிற இடத்தில் எங்கள் கைக்கு இதுதான் வரும்.

சொல் வடமொழி. ‘அபி’ என்றால் நோக்கி, மேலே. ‘விருத்தி’ என்றால் வளர்தல். முதியவரைக் குறிக்கும் ‘விருத்தர்’, இதே பொருளில் சிங்களத்தில் வழங்கும் ‘சங்வர்தன’ எல்லாம் ஒரே வேரில் பிறந்தவை. விருத்தியுரையில், அதாவது விரிவான உரையில், வரும் விருத்தி வேறு வேர். தமிழ் எழுத்துக்கு வந்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அப்புறம், வடமொழியில் விருத்திக்கு வட்டி என்றும் ஒரு பொருள் உண்டு. 2022இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட வழியில்லை என்று கைவிரித்த நாட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்புக்குக் காரணமும் இருக்கிறது. 2009இல் போர் முடிந்த பிறகு, அரசியல் தீர்வு எங்கே என்று கேட்டால் அபிவிருத்தி என்று பதில் வந்தது. யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்த சனத்தின் காணிகளைத் துண்டு துண்டாகத்தான் விட்டார்கள். மிச்சம் இராணுவத்தின் கையில். வட மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது, தேர்தல் தள்ளிக்கொண்டே போனது. ‘அபிவிருத்தியாம்!’ என்று இழுத்துச் சொன்னால் இங்கே அது ஏச்சு.

ஆனாலும் அந்த ‘ஆம்’ விகுதியை எல்லாவற்றிலும் ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ரயிலையே பாருங்கள். கொழும்பிலிருந்து வந்த யாழ்தேவி 1990இல் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பிறகு 2011இல் ஓமந்தை, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, அதே ஒக்டோபரில் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. இந்தியக் கடன்தான், தேர்தல் கணக்கும் உள்ளே இருந்ததுதான். பளையில் இறங்கி பஸ் தேடிய சனத்துக்கு அது அரைகுறை ரயில். அதற்கு முந்திய வருடம் அந்த அரைகுறையும் இருக்கவில்லை. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகம் திரும்பத் திறந்ததும் இப்படித்தான், இழுபறிப்பட்டு. காணியைக் கேட்பதை விடச் சொல்லவில்லை; கேட்டுக்கொண்டே வந்து சேர்ந்ததையும் கணக்கில் எழுதலாம் என்கிறேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? அளவு கூடினால் வளர்ச்சி, தரம் உயர்ந்தால் மேம்பாடு. பெரும்பாலான இடங்களில் இவையே போதும். எனக்குப் பிடித்தது வளர்முகம். ஈழத்தில் ‘வளர்முக நாடுகள்’ என்று எழுதும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. ஏறுமுகம், இறங்குமுகம் என்ற வரிசையில் இயல்பாகச் சேர்ந்துகொள்ளும். வளர்பிறை போல வினைத்தொகை, ஆகவே காலம் மறைந்து நிற்கும்: வளர்ந்த, வளர்கின்ற, வளரும். வேலை முடிந்துவிட்டது என்று அமைச்சர் ரிப்பன் வெட்டவும் அதில் இடமில்லை, தொடங்கவேயில்லை என்று நாங்கள் கைவிரிக்கவும் இடமில்லை.

கட்டுரையில், மேடையில் தாராளமாக மாற்றி எழுதுங்கள். அபிவிருத்தி உத்தியோகத்தரை மட்டும் விட்டுவிடுங்கள். நியமனக் கடிதத்தில் இருக்கிற பெயர் அது.