இதயச் செயலிழப்பும் துடிப்புக் கோளாறும்: இங்கிலாந்தில் ஐசிடி, சிஆர்டி யாருக்குக் கிடைக்கும்?

‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்று டாக்டர் சொன்னதும் இதயம் நிற்கப் போகிறது என்று வீடே கலங்கிவிடும். உண்மையில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இரத்தத்தைத் தள்ளும் பலம்தான் குறைந்திருக்கிறது. ஆனால் பலம் குறைந்த இதயத்தில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்ளும். தசை தழும்பேறி விரியும்போது அதற்குள் ஓடும் மின்பாதையும் கெட்டு, துடிப்பு தடம் மாறும்.

கீழறைகள் திடீரென்று தாறுமாறாகத் துடித்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடலாம். அதற்குக் காவலாக வைப்பது ஐசிடி. காறை எலும்புக்குக் கீழே, தோலுக்குள் வைக்கும் சிறு பெட்டி இது. துடிப்பை எந்நேரமும் கவனித்து, தேவைப்பட்டால் உள்ளிருந்தே ஷாக் கொடுக்கும். சிலருக்குப் பிரச்சினை வேறு. இதயத்தின் இடது பக்கத்துக்கு மின்னோட்டம் தாமதமாகப் போய்ச் சேரும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு பின்தங்கியே நடந்தால் வண்டி எப்படிப் போகும்? இரண்டு பக்கத்தையும் சேர்ந்து துடிக்க வைப்பது சிஆர்டி. ஷாக் வசதி இல்லாதது சிஆர்டி-பி, இருப்பது சிஆர்டி-டி.

விலை உயர்ந்த கருவிகள் இவை. 2014-இல் கணக்கிட்டபோதே சிஆர்டி-டி ஒன்றின் சராசரி விலை 12,000 பவுண்டைத் தாண்டியிருந்தது. இங்கிலாந்தில் என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையின் சிகிச்சைக்கு உரிமையுள்ள நோயாளி இதற்கு ஒரு பென்னிகூடக் கட்ட வேண்டியதில்லை. யாருக்கு எதை வைப்பது என்பதற்கு எழுதப்பட்ட விதி இருக்கிறது. நைஸ் என்ற அரசு அமைப்பு 2014 ஜூனில் வெளியிட்ட 314-ஆம் இலக்கத் தொழில்நுட்ப மதிப்பீடுதான் அது.

நைஸ் வெளியிடும் எல்லாவற்றுக்கும் ஒரே பலம் கிடையாது. ‘வழிகாட்டுதல்’ என்று வருபவை டாக்டர்களுக்கான ஆலோசனை. ‘தொழில்நுட்ப மதிப்பீடு’ என்று வந்து, அதில் ஒரு சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டால், வழக்கமாக மூன்று மாதத்துக்குள் என்எச்எஸ் அதற்குப் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும். உங்கள் டாக்டர் அது உங்களுக்குப் பொருந்தும் என்று சொன்னால், அதைப் பெறுவது என்எச்எஸ் சாசனப்படி உங்கள் உரிமை. ‘எங்கள் பகுதியில் பட்ஜெட் இல்லை’ என்பது பதிலாகாது. அதே நேரம், டாக்டர் பொருந்தாது என்று சொல்வதை இந்த உரிமையைக் காட்டி மாற்ற முடியாது.

சரி, விதி என்ன சொல்கிறது? மூன்று எண்களைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை எத்தனை சதவீத இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பது. எக்கோ பரிசோதனையில் தெரியும். 35 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் இதயச் செயலிழப்புக்கான இந்தப் பட்டியலுக்குள் வருவீர்கள். இரண்டாவது, ஈசிஜியில் ‘கியூஆர்எஸ்’ என்ற அலையின் அகலம், மில்லிசெகண்டில். மூன்றாவது, உங்கள் மூச்சுத்திணறல் 1 முதல் 4 வரை எந்த வகுப்பு என்பது. ஒன்று என்றால் தொந்தரவே இல்லை. நான்கு என்றால் சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூச்சு வாங்கும்.

அகலம் 120-க்குக் கீழே இருந்தால் சிஆர்டி பேச்சே இல்லை. திடீர் மரண ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும், முதல் மூன்று வகுப்புகளில் ஐசிடி. 150 அல்லது அதற்கு மேல் என்றால் முதல் இரண்டு வகுப்புக்கு சிஆர்டி-டி, மூன்றாம் வகுப்புக்கு இரண்டு சிஆர்டியில் ஒன்று, நான்காம் வகுப்புக்கு சிஆர்டி-பி. இடைப்பட்ட 120 முதல் 149 வரைதான் கொஞ்சம் குழப்பம். அங்கே ‘இடது கிளைத் தடை’ என்ற ஈசிஜி மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் முதல் மூன்று வகுப்புக்கும் ஐசிடி. இருந்தால் முதல் வகுப்புக்கு ஐசிடி, இரண்டாவதுக்கு சிஆர்டி-டி, மூன்றாவதுக்கு இரண்டு சிஆர்டியில் ஒன்று. நான்காம் வகுப்புக்கு, தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிஆர்டி-பி. ஏற்கெனவே கீழறைத் துடிப்புக் கோளாறால் இதயம் நின்றுபோய்ப் பிழைத்தவர்கள் இந்த அகலக் கணக்கில் மாட்ட வேண்டியதில்லை. சரிசெய்யக்கூடிய காரணம் எதுவும் இல்லையென்றால் அவர்களுக்கு ஐசிடிக்குத் தனி வழி உண்டு.

எனவே கிளினிக்குக்குப் போகும்போது இந்த மூன்று எண்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது எண் நம் வாயிலிருந்து வருவது, அதனால் இன்னும் கவனம் வேண்டும். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் ‘படியேறினால் களைக்குது’ என்றால் மூச்சு வாங்குகிறது என்று பொருள். தமிழ்நாட்டுக்காரர் காதில் அது ‘அசதியாக இருக்கிறது’ என்று விழும். மொழிபெயர்ப்பவர் ‘டயர்ட்’ என்று சொல்லிவிட்டால் குறிப்பில் அதுதான் ஏறும். மொழிபெயர்ப்பாளரை என்எச்எஸ் இலவசமாகத் தர வேண்டும். முன்கூட்டியே ஜிபியிடமோ (குடும்ப டாக்டர்) ஆஸ்பத்திரியிடமோ கேளுங்கள். பேரப்பிள்ளையை வைத்துச் சமாளிப்பது இந்த விஷயத்தில் வேண்டாம்.

எண்கள் பொருந்தியும் கருவி பற்றிப் பேச்சே வரவில்லையா? பெரும்பாலும் முதலில் மாத்திரைகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு மீண்டும் எக்கோ எடுப்பார்கள். பலருக்கு அதிலேயே முதல் எண் ஏறிவிடும். அந்தத் தாமதத்தில் நியாயம் இருக்கிறது. அதையும் தாண்டி இழுத்தால் ஆஸ்பத்திரியிலுள்ள ‘பால்ஸ்’ என்ற நோயாளர் உதவிப் பிரிவை அணுகலாம். முறையான புகார் என்றால், விஷயம் தெரிந்த 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

கருவி இலவசம், மாத்திரை அப்படியல்ல. இங்கிலாந்தில் இலவச மாத்திரைக்கான நோய்ப் பட்டியலில் நீரிழிவு இருக்கிறது, புற்றுநோய் இருக்கிறது, இதயச் செயலிழப்பு இல்லை. எனக்கு இது புரியவே இல்லை. 60 வயதானவர்களுக்கு எப்படியும் இலவசம். மற்றவர்கள் 2024 மே முதல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட் கட்டினார்கள். இந்த நோய்க்கு நாலைந்து மருந்து சர்வசாதாரணம். அப்போது 114.50 பவுண்டாக இருந்த ஆண்டு முன்பணச் சான்றிதழை எடுத்தால் எத்தனை மருந்து வாங்கினாலும் அதோடு சரி.

ஐசிடி வைத்தால், ஓட்டுநர் உரிமம் தரும் டிவிஎல்ஏவுக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் 1,000 பவுண்ட் வரை அபராதம். முன்னெச்சரிக்கையாக மட்டும் வைத்தவர்கள் ஒரு மாதம் கார் ஓட்டக்கூடாது. துடிப்புக் கோளாறால் நிலைகுலைந்த பிறகு வைத்தவர்களுக்கு ஆறு மாதம். பஸ், லாரி ஓட்டுபவர்களுக்கு அந்த உரிமம் நிரந்தரமாகப் போய்விடும். அதில் பிழைப்பவர்கள் சம்மதக் கையெழுத்துப் போடும் முன்பே டாக்டரிடம் இதைப் பேச வேண்டும். ஷாக் இல்லாத சிஆர்டி-பி என்றால் விதி இவ்வளவு கடுமையில்லை.

பிள்ளைகளைப் பார்க்க விசிட் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு இந்த இலவசச் சிகிச்சை உரிமை கிடையாது. ஜிபியைப் பார்ப்பதும் அவசரப் பிரிவில் முதல் கவனிப்பும் இலவசம். வார்டில் சேர்த்ததும் பில் ஓடத் தொடங்கும், அதுவும் என்எச்எஸ் கட்டணத்தின் ஒன்றரை மடங்கு. 500 பவுண்டோ அதற்கு மேலோ பாக்கி வைத்தால் அடுத்த விசாவைப் பாதிக்கலாம். பயணக் காப்பீடு எடுக்கும்போது இதய நோயை மறைக்காமல் எழுதுங்கள்.

கடைசிக் காலம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம் வீடுகளில் யாரும் வாய் திறப்பதில்லை. உயிர் பிரியும் நேரத்தில் ஐசிடி திரும்பத் திரும்ப ஷாக் கொடுக்கலாம். அதை மட்டும் நிறுத்திவைக்கும்படி கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. நிறுத்த அறுவைச் சிகிச்சை தேவையில்லை, நிறுத்தியதும் உயிர் போய்விடாது. அப்புறம், தகனம் செய்வதாக இருந்தால் பெட்டியை முன்பே எடுத்தாக வேண்டும், சூட்டில் பேட்டரி வெடிக்கும். இறுதிச்சடங்கு நிறுவனத்துக்கு முதல் போன் செய்யும்போதே உடம்பில் கருவி இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.