பிக்கப் வண்டியின் கூரை எவ்வளவு தாங்கும்?

கூரைக் கேரியர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "இது எத்தனை கிலோ தாங்கும்?" என்பதைத்தான். பெங்களூரு ஜே.சி. ரோட்டில் வண்டிச் சாமான்கள் விற்கும் கடைகளில் இந்தக் கேள்வியைத் தமிழிலேயே கேட்கலாம், பதிலும் தமிழிலேயே வரும்: "200 கிலோ தாராளமா வைங்க சார், ஒண்ணும் ஆகாது." கேரியரைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருக்கலாம். இரும்புக் குழாயை வெல்டிங் செய்து கட்டிய சட்டத்துக்கு 200 கிலோ பெரிய சுமை இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தைச் சுமக்கப் போவது வண்டியின் கூரை. கூரை எவ்வளவு தாங்கும் என்பதைக் கடைக்காரர் முடிவு செய்ய முடியாது. வண்டியை வடிவமைத்தவர்கள் அதைக் கணக்கிட்டுக் கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். பெரும்பாலான குடும்ப வண்டிகளுக்கு அது 50 முதல் 100 கிலோவுக்குள் இருக்கிறது. கேரியரின் எடையும் அதற்குள்தான் அடங்கும். கூரை 75 கிலோ தாங்கும் என்று வைத்துக்கொண்டால், 25 கிலோ இரும்புக் கேரியரைப் பொருத்தியதுமே மிச்சம் 50 கிலோதான். அதன்மேல் 15 கிலோ பெட்டி ஒன்றை வைத்தால், பெட்டிக்குள் போடக்கூடியது 35 கிலோ. இரண்டு பெரிய சூட்கேஸ், அவ்வளவுதான்.

இரண்டு டன் எடையுள்ள வண்டிக்கு ஏன் இவ்வளவு சின்ன எண்? நாம் கூரை என்று பார்ப்பது ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத தகடு. வலு இருப்பது கதவுகளுக்கு மேலே நீளவாக்கில் ஓடும் பக்கச் சட்டங்களிலும், அவற்றைத் தாங்கும் தூண்களிலும். கேரியரின் கால்கள் அந்தச் சட்டங்களின்மேல் உட்கார வேண்டும். பழைய ஜீப் வகை வண்டிகளில் மழைத்தண்ணீர் வழிந்தோட ஒரு விளிம்பு இருக்கும். கேரியரை அதைப் பிடித்துக் கவ்வ வைப்பார்கள். இன்றைய பெரும்பாலான வண்டிகளில் அந்த விளிம்பு இல்லை. கதவின் மேல்சட்டத்தைப் பிடிக்கும் கவ்வியோ, கூரையில் ஏற்கெனவே கொடுத்திருக்கும் போல்ட் துளையோதான் வழி. பார்க்க அழகாக நீண்டிருக்கும் கூரைக் கம்பிகள் சில வண்டிகளில் வெறும் அலங்காரம். சுமை ஏற்றக் கூடாது என்று கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். தகட்டைத் துளைத்துக் கேரியர் மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். துளையைச் சுற்றி முதலில் துரு வரும், பிறகு விரிசல் வரும்.

இன்னொரு காரணம், வண்டி ஓடுகிறது என்பதுதான். நிற்கும் வண்டியின் கூரையில் கூடாரம் விரித்து இரண்டு பேர் படுத்துத் தூங்கலாம்; நிற்கும்போது கூரை தாங்கும் எடை பல மடங்கு அதிகம். ஓடத் தொடங்கியதும் கணக்கு மாறிவிடும். கவனிக்காமல் ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால், 60 கிலோ சுமை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு 120 கிலோவாகவோ அதற்கு மேலாகவோ கூரையை அழுத்தும். பிரேக்கை முழுசாக மிதித்தால் அதே சுமை சுமார் 48 கிலோ விசையோடு முன்னால் போகப் பார்க்கும். 50 கி.மீ. வேகத்தில் எதிலாவது மோதி, வண்டி பத்தில் ஒரு நொடியில் நின்றுவிட்டால்? கூரைமேல் இருக்கும் 60 கிலோ முன்னோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய 850 கிலோ. கையேட்டின் சின்ன எண்ணுக்குள் இந்தத் தருணங்களுக்கான இடமும் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இதுவரை சொன்னது எந்தக் காருக்கும் பொருந்தும். பிக்கப்புக்கு மட்டுமே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள) பிக்கப்பின் பக்கவாட்டில் நின்று, கேபின் முடிந்து பின்தொட்டி தொடங்கும் இடத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஓடும். காரில் அது இருக்காது, ஏனென்றால் காரின் உடல் முழுக்க ஒரே கூடு. பிக்கப்பில் ஏணி வடிவச் சேஸியின்மேல் கேபின் தனியாகவும், தொட்டி தனியாகவும் உட்கார்ந்திருக்கின்றன. கேபினுக்கு அடியில் ரப்பர் புஷ்கள் இருக்கும். ஒரு முன்சக்கரம் மேட்டிலும் அதே பக்கப் பின்சக்கரம் பள்ளத்திலும் இருக்கும்போது சேஸி முறுக்கிக்கொள்ளும். அப்படி முறுக்கிக்கொடுப்பது குறையல்ல. சக்கரங்கள் தரையை விடாமல் பிடித்திருக்க அதுவும் உதவுகிறது. அப்போது கேபின் ஒரு பக்கமும் தொட்டி மறுபக்கமும் லேசாகச் சாயும். கரடுமுரடான மண் பாதையில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லிவிட்டு வெளியே நின்று பார்த்தால், அந்த இடைவெளியின் இரண்டு ஓரங்களும் ஒன்றுக்கொன்று கோணலாவது கண்ணுக்கே தெரியும்.

இப்போது கேபின் கூரையிலிருந்து தொட்டியின் பின்முனைவரை ஒரே நீளக் கேரியரை வெல்டிங் செய்து இரண்டிலும் போல்ட் போட்டு இறுக்கினால் என்ன ஆகும்? தனித்தனியாக அசையவேண்டிய இரண்டு உடல்களைக் கட்டிப்போட்டுவிட்டோம். சேஸி முறுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விசை முழுக்கக் கேரியரின் கால்களில் போய் இறங்கும். முதலில் கிறீச் என்று சத்தம் வரும், பிறகு வெல்டிங் விடும் அல்லது கூரை விளிம்பு நெளியும். அதனால் பிக்கப்புக்குக் கேபின்மேல் ஒன்று, தொட்டிமேல் ஒன்று என இரண்டு தனிச் சட்டங்கள்தான் சரி. ஏணியோ பைப்போ இரண்டின் மேலும் நீளமாகக் கிடக்க வேண்டியிருந்தால், தொட்டிச் சட்டத்தில் இறுகக் கட்டிவிட்டு, கேபின் சட்டத்தில் மேலே எழும்பாமல், பக்கத்தில் விலகாமல், ஆனால் கொஞ்சம் நழுவ இடம் கொடுத்துக் கட்ட வேண்டும்.

சரி, இரண்டு சட்டங்களில் எதில் எதை வைப்பது? ஈர்ப்பு மையம் இதற்குப் பதில் சொல்லும். 2,000 கிலோ எடையுள்ள வண்டி, அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 190 செ.மீ. உயரத்தில், அதாவது கேபின்மேல், 75 கிலோ ஏற்றினால் மையம் 4 செ.மீ.க்குச் சற்று மேலாக ஏறும். அதே 75 கிலோவைத் தொட்டிக்குள் 100 செ.மீ. உயரத்தில் வைத்தால் ஏற்றம் ஒரு சென்டிமீட்டர்தான். நாலு சென்டிமீட்டர் கேட்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை இந்த உயரத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் வண்டி கவிழாமல் நிற்கும் திறனின் அடிப்படை அளவு. அகலம் 154 செ.மீ. என்றால், சுமை இல்லாதபோது அது 1.1. கூரைச் சுமையோடு 1.04 ஆகக் குறைகிறது. பிக்கப் ஏற்கெனவே உயரமான வண்டி; விட்டுக்கொடுக்க அதனிடம் அதிகம் இல்லை. சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வளைவுக்கு மேல் வளைவு வரும்போது, வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டிபோல மேலே சுமந்துகொண்டு இறங்குவது நல்லதல்ல. எனவே அரிசி மூட்டை, தண்ணீர் கேன், கேஸ் அடுப்பு எல்லாம் தொட்டியில். இடத்தை அடைத்தாலும் எடை இல்லாதவை மட்டும் கூரையில்.

ஆனால் எடை இல்லாத பெரிய பொருளுக்கு வேறு எதிரி இருக்கிறது. அது காற்று.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஒரு மீட்டர் அகலமும் 40 செ.மீ. உயரமும் உள்ள, முனை மழுங்காத பெட்டி ஒன்று கூரைமேல் இருப்பதாகக் கொள்வோம். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் இங்கே ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.1 கிலோ, சென்னையைவிடக் கொஞ்சம் குறைவு. 80 கி.மீ. வேகத்தில் அந்தப் பெட்டி மட்டும் 11 கிலோ விசையோடு வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். 100 கி.மீ. என்றால் 17 கிலோ. சேலம்வரை 200 கி.மீ. தூரத்துக்கு, டீசல் எஞ்சின் வீணாக்கும் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், 80-இல் போனால் சுமார் இரண்டு லிட்டரும் 100-இல் போனால் மூன்று லிட்டரும் பெட்டிக்காக மட்டுமே செலவாகும். அதே பெட்டி தொட்டிக்குள், கேபினின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் இந்தச் செலவு ஏறக்குறைய இல்லை. கேபினைத் தாண்டி வரும் காற்று தொட்டிக்குள் ஒரு சுழலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தொட்டியில் காய்ந்த இலைகள் கிடந்தால் கவனித்துப் பாருங்கள், வண்டி ஓடும்போது அவை பின்னால் பறக்காமல் கேபின் பக்கமே நகர்ந்துவந்து சேரும். பின்கதவை இறக்கிவிட்டு ஓட்டினால் மைலேஜ் கூடும் என்ற நம்பிக்கை பலிக்காததற்கும் அந்தச் சுழல்தான் காரணம்.

இழுவையாவது பணத்தோடு போகும். தூக்குவிசை ஆளையே கொல்லும். வீடு மாற்றும்போது மெத்தையைக் கூரையில் போட்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு போகிறவர்களை ஓசூர் ரோட்டில் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். ஆறடிக்கு ஐந்தடி மெத்தையின் பரப்பு 2.8 சதுர மீட்டர். முன்கண்ணாடியில் மோதும் காற்று சாய்வாக மேலே ஏறி, மெத்தையின் முன்விளிம்புக்கு அடியில் நுழைகிறது. 80 கி.மீ. வேகத்தில் அந்தப் பரப்பின்மேல் காற்றின் அழுத்தம் மொத்தம் 77 கிலோ. அதில் பாதி மேல்நோக்கித் திரும்பினாலே 38 கிலோ. பல மெத்தைகளின் எடையே அவ்வளவு இல்லை. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் பக்கக் காற்றும் சேர்ந்துகொண்டால், மெத்தை பறந்துபோய்ப் பின்னால் வரும் பைக்காரர்மேல் விழும். எந்தக் கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. அகலமான, தட்டையான எதற்கும் முன்விளிம்பைக் கீழ்நோக்கி இழுத்து, வண்டியின் முன்கொக்கியில் இரண்டு பெல்ட் போட்டே ஆக வேண்டும். டபுள் கேப்பின் கூரை குட்டையானது. குறுக்குக் கம்பிகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் அமையும். அதனால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி நெம்புகோலாக வேலை செய்யும்.

அப்புறம் சத்தம். காலிக் கேரியரோடு நெடுஞ்சாலையில் போனால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் விடாமல் வரும். உருண்டைக் கம்பியைக் கடக்கும் காற்று, அதன் பின்னால் மேலும் கீழுமாக மாறி மாறிச் சின்னச் சுழல்களை உதிர்க்கிறது. காற்றில் கம்பிகள் எழுப்பும் இந்த ஒலியை அளந்து, செக் இயற்பியலாளர் வின்சென்ஸ் ஸ்ட்ரூஹால் 1878-இல் ஒரு விதியைத் தந்தார். காற்றின் வேகத்தைக் கம்பியின் விட்டத்தால் வகுத்து 0.2 ஆல் பெருக்கினால், நொடிக்கு எத்தனை சுழல் என்று கிடைக்கும். 25 மி.மீ. கம்பி, 80 கி.மீ. வேகம் என்றால் சுமார் 178. காதுக்கு நன்றாகக் கேட்கும் தாழ்ந்த சுரம் அது. வேகம் கூடக்கூடச் சுரமும் ஏறும். தீர்வு, சுழல்கள் ஒரே தாளத்தில் உதிராமல் குலைப்பது. கம்பிமேல் ஒரு கயிற்றைத் திருகாணிபோல இடைவெளி விட்டுச் சுற்றினால் முனகல் பெரும்பாலும் அடங்கிவிடும். உயரமான ஆலைப் புகைபோக்கிகளில் சுற்றிச் சுற்றி ஏறும் தகட்டுப் பட்டியும் இதே வேலைக்காகத்தான். இறக்கை வடிவக் குறுக்குக் கம்பிக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சத்தமும் இழுவையும் சேர்ந்தே குறைகின்றன.

இரும்பா அலுமினியமா என்றால், நான் அலுமினியத்தையே சொல்வேன். அதன் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் அதே அளவு குறைவு என்பதால் குறுக்குவெட்டைக் கொஞ்சம் உயரமாக அமைக்கிறார்கள். அப்படியும் கேரியர் இரும்பைவிட இலேசாகவே முடிகிறது. மிச்சமாகும் ஒவ்வொரு கிலோவும் உங்கள் சாமானுக்கு. வாங்கும் முன் அடுக்குமாடியின் அடித்தளப் பார்க்கிங் உயரத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஹைலக்ஸின் உயரம் 1,815 மி.மீ. அதன்மேல் 15 செ.மீ. கேரியர், 40 செ.மீ. பெட்டி என்றால் 2.36 மீட்டர். நுழைவாயிலில் 2.1 மீட்டர் என்று எழுதியிருந்தால் பெட்டியோடு உள்ளே போக முடியாது.

கட்டுவதற்குப் பாலியெஸ்டர் ராட்செட் பெல்ட் நல்லது. நைலான் கயிறு மழையில் நனைந்தால் நீண்டு தளர்ந்துவிடும். தட்டையாக இழுத்துக் கட்டிய பெல்ட் காற்றில் படபடத்து உறுமும். நடுவில் ஒரு முறுக்கு கொடுத்துக் கட்டினால் உறுமாது. முதல் அரைமணி நேர ஓட்டத்தில் சூட்கேஸ்களும் பைகளும் அதிர்ந்து அமுங்கும், எவ்வளவு இறுக்கியிருந்தாலும் பெல்ட் கொஞ்சம் தளரும். அதனால் அத்திப்பள்ளி தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு பெல்ட்டையும் கையால் இழுத்துப் பார்த்து இன்னொரு தடவை இறுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.