"இது மட்டும் முடிஞ்சுட்டா போதும் மேடம்"

மனநல ஆலோசகரா உக்காந்து கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமே ஆகிப்போன வரி இது. "இது மட்டும் முடிஞ்சுட்டா போதும் மேடம், அப்புறம் நிம்மதிதான்." அந்த 'இது' ஆளுக்கு ஆள் மாறும், ப்ரோமோஷன், வீடு, பையனோட அட்மிஷன், பத்து கிலோ எடை. ஒருத்தர் (அடையாளம் தெரியக்கூடாதுன்னு விவரமெல்லாம் மாத்திதான் சொல்றேன்) மடிச்சு மடிச்சு நைஞ்சு போன ஒரு பேப்பரையே கொண்டு வந்து டேபிள்ல விரிச்சார், வேலைக்கு சேர்ந்த புதுசுல எழுதின லிஸ்டாம், பதினோரு ஐட்டம், பதினொன்னுக்கும் டிக் போட்டாச்சு. "எல்லாம் கிடைச்சிருச்சு, ஆனா ஒண்ணுமே தோணல, நான் என்ன நன்றி கெட்டவனா?"ன்னு கேட்டார்.

நன்றி எல்லாம் இருக்கு சார், கணக்குதான் தப்பு. டேனியல் கில்பர்ட், டிமோதி வில்சன்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் இதைத்தான் வருஷக்கணக்கா நோண்டினாங்க, ஒரு விஷயம் நடந்தா எவ்ளோ சந்தோஷப்படுவீங்க எவ்ளோ நொந்து போவீங்கன்னு ஒரு குரூப்பை முன்கூட்டியே சொல்ல வச்சுட்டு, நிஜமாவே அது நடந்தவங்ககிட்ட போய் கேட்டுப் பார்த்தாங்க. 1998ல வந்த அவங்க ஆராய்ச்சிக் கட்டுரைல காதல் முறிஞ்சவங்க இருக்காங்க, வேலை நிரந்தரமாகாம போன பேராசிரியர்கள் இருக்காங்க. பயந்த அளவுக்கு யாரும் உடைஞ்சு போகல, நிரந்தரமானவங்களும் நினைச்ச அளவுக்கு மிதக்கல. எது நல்லா இருக்கும் எது வலிக்கும்னு நமக்கு சரியாத்தான் தெரியுது, எவ்ளோ, எத்தனை நாளைக்குங்கிறதுலதான் கோட்டை விடுறோம்.

இந்த இடத்துல எல்லாரும் லாட்டரி ஆராய்ச்சியை இழுப்பாங்க, நானும் இழுக்குறேன், ஏன்னா அது ஃபார்வர்டுல தப்பு தப்பா சுத்திட்டு இருக்கு. 1978ல பிலிப் பிரிக்மன் குழு லாட்டரி அடிச்ச 22 பேர், விபத்துல உடம்பு செயலிழந்த 29 பேர், ரெண்டும் நடக்காத 22 பேர்னு எடுத்துப் பேசினாங்க. எவ்ளோ சந்தோஷமா இருக்கீங்கன்னு 0 முதல் 5 வரைக்கும் மார்க் போட்டதுல லாட்டரிக்காரங்களுக்கு 4, சும்மா இருந்தவங்களுக்கு 3.82, கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா "விபத்துல அடிபட்டவங்களும் அதே அளவு சந்தோஷம்"னு போடுறாங்க பாருங்க, அது உண்மை இல்ல, அவங்க 2.96. எனக்கு இதுல முக்கியமா படுறது வேற, நண்பன்கிட்ட பேசுறது, ஒரு ஜோக் கேட்டு சிரிக்கிறது மாதிரி சின்னச் சின்ன விஷயத்துல லாட்டரிக்காரங்களுக்கு கிடைச்ச சுகம் மத்தவங்களைவிட கம்மி. பேப்பர் லிஸ்ட்காரர்கிட்ட இதை சொன்னப்போ கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல.

அதுக்காக பணத்தால ஒண்ணுமில்லன்னு தத்துவம் பேச நான் வரல, அப்படி பேசுற ஆளுங்களை எனக்கு பிடிக்காது. டேனியல் கானமன்ங்கிற உளவியல் ஆராய்ச்சியாளரே 2010ல ஒரு அளவுக்கு மேல வருமானம் ஏறினா அன்றாட சந்தோஷம் ஏறலன்னு எழுதிட்டு, 2023ல மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்கூட சேர்ந்து மறுபடி பார்த்து, பெரும்பாலானவங்களுக்கு ஏறிட்டுத்தான் இருக்கு, ஏற்கனவே ரொம்ப சந்தோஷம் இல்லாதவங்களுக்குத்தான் நின்னுடுதுன்னு திருத்தினார்.

சரி, கணிப்பு தப்புன்னா என்ன பண்றது? நான் ஒரு நோட்டுதான் குடுக்கிறேன். புது கண்டுபிடிப்பு எல்லாம் இல்ல, மனநல மருத்துவர் ஆரன் பெக் வழி வந்த, நம்ம எண்ணங்களை சோதிச்சுப் பாக்குற பேச்சு சிகிச்சைல ரொம்ப காலமா இருக்குறதுதான். நடுவுல ஒரு கோடு. ஒரு விஷயத்தை செய்றதுக்கு முன்னாடி எவ்ளோ நல்லா இருக்கும்னு இடது பக்கம் பத்துக்கு ஒரு மார்க், செஞ்சு முடிச்ச கையோட வலது பக்கம் நிஜ மார்க். ராத்திரி மொத்தமா உக்காந்து எழுதக்கூடாது. ஏன்னா ஞாபகம் ஏமாத்தும், கானமனும் டாக்டர் டொனால்ட் ரெடெல்மையரும் 1996ல குடலுக்குள்ள குழாய் விட்டுப் பாக்குற கொலனோஸ்கோபி செஞ்சுக்கிட்ட 154 பேர்கிட்ட நிமிஷத்துக்கு நிமிஷம் வலியைக் கேட்டுட்டு அப்புறம் மொத்தமா எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, எவ்ளோ நேரம் வலிச்சதுன்னு யாரும் கணக்குல எடுக்கல, உச்சமா வலிச்சதும் கடைசில வலிச்சதும்தான் பதிஞ்சிருக்கு.

நம்மாளு மூணு வாரம் கழிச்சு நோட்டோட வந்தார். புது போன், நினைச்சது 9, வாங்குன அன்னைக்கு 8, அதுக்கு பக்கத்துல பென்சில்ல ரெண்டு வாரம் கழிச்சுன்னு போட்டு 4. அண்ணனுக்கு போன் பண்றது, நினைச்சது 2, நடந்தது 7. மறுபடி அண்ணன், நினைச்சது 3, நடந்தது 7. "ரெண்டாவது தடவையும் ஏன் சார் 3 போட்டீங்க?"ன்னு கேட்டா சிரிக்கிறார், தெரியல மேடம்ங்கிறார். தெரியாதுதான், யாருக்குமே தெரியல, சிகாகோவுல ரயில் பஸ்ல போறவங்களை வச்சு நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014ல பண்ணின ஆராய்ச்சிலயும் பக்கத்து சீட்டு ஆள்கிட்ட பேசுறதைவிட தனியா இருக்குறதுதான் சுகம்னு எல்லாரும் கணிச்சாங்க, பேசிட்டு இறங்கினவங்கதான் சந்தோஷமா இறங்கினாங்க.

இப்போ கவனமா படிக்க வேண்டிய இடம். இடது பக்கம் கம்மியா இருந்து வலது பக்கம் ஏறினா அது கணிப்பு பிரச்சினை, நோட்டே போதும். வலது பக்கமும் நாள் தவறாம 0, 1, 1, 0ன்னு கிடந்தா, முன்னாடி ரசிச்ச எதுவுமே ரெண்டு வாரத்துக்கு மேல ருசிக்கலன்னா, அது மனச்சோர்வு நோயா இருக்கலாம், "பாசிட்டிவா யோசி"ன்னு சொல்றது அங்க கொடுமை. உலக சுகாதார நிறுவனத்தோட அஞ்சு கேள்வி படிவம் ஒண்ணு இருக்கு, கடந்த ரெண்டு வாரத்துல உற்சாகமா இருந்தீங்களா, அமைதியா இருந்தீங்களா, தெம்பா இருந்தீங்களா, எழுந்திரிக்கும்போது ஃப்ரெஷ்ஷா இருந்துச்சா, பிடிச்ச விஷயங்கள் நாள்ல இருந்துச்சா, ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 5, கூட்டி 4ஆல பெருக்கணும். 50க்கு கீழ வந்தா டாக்டரைப் பாருங்க. அந்த மார்க்கை வச்சு நீங்களே நோயை முடிவு பண்ணிடாதீங்க, அவர் ரத்தப் பரிசோதனையும் எழுதலாம், தைராய்டு, பி12 குறைபாடு எல்லாம் இதே மாதிரி வேஷம் போட்டுட்டு வரும். சாகணும்னு தோணினா நோட்டு, மார்க் எதுக்கும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே யார்கிட்டயாவது சொல்லி உதவிக்கு போங்க.

ஒரு அம்மா நோட்ல அப்படித்தான் வலது பக்கம் முழுக்க 0, 1. டாக்டர்கிட்ட அனுப்பினேன், பார்த்தா தைராய்டு. மாத்திரை ஆரம்பிச்சு, கூடவே நோட்டும் விடாம எழுதிட்டு இருந்தாங்க, மூணாவது மாசம் ஒரு பக்கத்துல முதல் தடவையா ஒரு 5. என்னம்மா இதுன்னு பார்த்தா செடிக்கு தண்ணி ஊத்தினதுக்கு. நினைச்சது 1னு போட்டிருந்தாங்க.