கறிவேப்பிலைக் கன்றைப் பயணப் பெட்டியில் கொண்டுவராதீர்கள்

தமிழ்நாட்டுக்கோ மொரீஷியஸுக்கோ போய்த் திரும்பும் நம்மவர்கள், ஈரத்துணியில் வேரைச் சுற்றிப் புடவை மடிப்புக்குள் மறைத்துக் கறிவேப்பிலைக் கன்றைத் தென்னாப்பிரிக்காவுக்குள் கொண்டுவருவதை நிறுத்த வேண்டும் என்று கோயில் மண்டபங்களிலும் தோட்டக்கலைக் கூட்டங்களிலும் பலமுறை பேசியிருக்கிறேன். இருந்தும் அண்மையில் டர்பனுக்கு வடக்கேயிருந்து ஒரு குடும்பத்தார், மஞ்சளடித்த எலுமிச்சை இலைகளைப் பரிசோதிக்கச் சொல்லி எங்கள் தாவர நோயியல் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தபோது, அந்த மரத்தின் பக்கத்திலேயே ஊரிலிருந்து கொண்டுவந்த கறிவேப்பிலைக் கன்றும் நன்றாகத் துளிர்விட்டு நிற்கிறது என்று மகிழ்ச்சியோடு சொன்னார்கள். எலுமிச்சைக்கு வந்திருந்தது வெறும் துத்தநாகக் குறைபாடு. உரிய நுண்சத்தைத் தெளித்தால் தேறிவிடும். எங்களைக் கவலைக்குள்ளாக்கியது அந்தக் கன்றுதான்.

"கன்று பச்சைப்பசேலென்று இருக்கிறதே, அதற்கு என்ன நோய்?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். எல்லாரும் கேட்பது இதையேதான். கறிவேப்பிலைக்கு நோய் வந்துவிடும் என்று நாங்கள் ஒருபோதும் சொல்லவில்லை. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஆரஞ்சும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆசிய சைலிட் என்னும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள சாறுறிஞ்சும் பூச்சி இவை எல்லாவற்றின் துளிரிலும் முட்டையிடும். அந்தப் பூச்சி சுமந்து திரியும் பாக்டீரியாதான் எலுமிச்சை இனத்து மரங்களைக் கொல்லும் கிரீனிங் நோய்க்குக் காரணம். கறிவேப்பிலை அந்தப் பூச்சிக்கு உணவும் தொட்டிலுமாக இருந்துகொண்டு, தான் மட்டும் வாடாமல் நிற்கும். ஆகவே கன்று எவ்வளவு செழிப்பாக இருக்கிறதோ, எவ்வளவு இளந்துளிர் விட்டிருக்கிறதோ, அவ்வளவுக்குப் பூச்சி முட்டையிடத் தகுந்த இடமும் அதில் இருக்கிறது. செழிப்பைக் காட்டி எங்களுக்கு உறுதி சொல்லாதீர்கள்.

"கழுவிவிட்டுத்தான் கொண்டுவந்தோம்" என்பது அடுத்த பதில். முட்டை ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்கும் என்று சொல்ல முடியாது. அது இன்னும் விரியாத குருத்திலையின் மடிப்புக்குள், காம்பால் திசுவில் பதிந்து நிற்கும். குழாய் நீரில் அலசினால் மண் போகும், முட்டை போகாது. ஆய்வகத்தில் நாங்களே உருப்பெருக்கியின் அடியில் ஊசியால் மடிப்பை விரித்துப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிக்கிறோம். வேரோடு வரும் கன்று மட்டுமல்ல, சமையலுக்கென்று பையில் போட்டு வரும் பச்சை இணுக்கும் இதே ஆபத்தைச் சுமக்கிறது.

சரி, ஆய்வகம் இருக்கிறதே, சோதித்துச் சொல்லிவிடுங்கள் என்கிறார்கள். இந்த நம்பிக்கைதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது, ஏனென்றால் இதில் எங்கள் வேலையைப் பற்றிய ஒரு பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. பெரும்பாலான பாக்டீரியாக்களைப் பெட்ரித் தட்டில் அகார் ஊற்றி வளர்த்து, பிரித்தெடுத்து, மறுபடியும் செடியில் செலுத்தி, இதுதான் நோய்க்காரணி என்று நிறுவலாம். கிரீனிங் பாக்டீரியாவோ மரத்தின் உணவைக் கடத்தும் ஃபுளோயம் குழாய்க்குள் மட்டுமே வாழ்கிறது. அதைத் தட்டில் தூய வளர்ப்பாக நிலையாக வளர்க்க இன்றுவரை இயலவில்லை. எனவே இலையின் நடு நரம்பையும் காம்பையும் நறுக்கி, டி.என்.ஏ.வைப் பிரித்து, அதைப் பலமடங்கு பெருக்கிக் காணும் பி.சி.ஆர். முறையில் தேடுகிறோம். ஆனால் பாக்டீரியா மரம் முழுதும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. ஒரு கிளையில் நிறைய இருக்கும். அடுத்த கிளையில் கருவிக்கு எட்டாத அளவே இருக்கும். நோய் தொற்றிப் பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழித்தே அறிகுறி தெரியும். ஆகவே ஒரு இலையில் "இல்லை" என்று வந்த முடிவை, மரத்தில் இல்லை என்று படிக்கக் கூடாது. எந்த ஆய்வகமும் அப்படிச் சான்று தராது. ஐயமுள்ள மொட்டை நலமான நாற்றில் ஒட்டுக்கட்டி, பூச்சி புகாத வலைக்கூண்டில் மாதக்கணக்கில் வைத்துக் காத்திருப்பதும் எங்கள் வேலையில் இன்னும் உண்டு.

இதோடு ஒரு சிறு குறிப்பு. இலை மஞ்சளடித்தாலே கிரீனிங் என்று பதறவும் வேண்டாம். சத்துக் குறைபாட்டில் நடு நரம்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி வெளிறும். கிரீனிங்கில் ஒரு பக்கத்துத் திட்டு மறுபக்கத்தோடு ஒத்துப்போகாது, காய் கோணலாகித் தலைகீழாக நிறம் மாறும். இந்நாட்டிலேயே பல ஆண்டுகள் இதை மண்ணின் தாதுக் கோளாறு என்றுதான் நினைத்திருந்தார்கள். 1965இல் மெக்லீன், ஓபர்ஹோல்சர் என்னும் இரு தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள்தாம் இது தொற்றும் நோய் என்றும், ஆசிய சைலிட்டின் உறவுப் பூச்சியான ஆப்பிரிக்க சைலிட் இதைப் பரப்புகிறது என்றும் காட்டினார்கள்.

"அப்படியானால் நோய் இங்கே ஏற்கனவே இருக்கிறதே, இன்னும் ஒன்று வந்தால் என்ன?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். இங்கே இருப்பது ஆப்பிரிக்க வகை. அது குளிர்ந்த மேட்டு நிலங்களை விரும்பும். வெயில் 30 டிகிரிக்கு மேல் தொடர்ந்தால் ஒடுங்கிவிடும், அதைப் பரப்பும் பூச்சியின் முட்டையும் வறண்ட வெப்பத்தில் காய்ந்துபோகும். லிம்போப்போ மாகாணத்தின் வெப்பமான பள்ளத்தாக்குகளில் ஆரஞ்சுத் தோப்புகள் தப்பியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆசிய வகைப் பாக்டீரியாவும் ஆசிய சைலிட்டும் அதே வெப்பத்தில் நன்றாகவே வாழும். இந்நாட்டில் ஆசிய சைலிட் இதுவரை பதிவாகவில்லை; ஆனால் கென்யா, தான்சானியா, எத்தியோப்பியா, நைஜீரியா என்று ஆப்பிரிக்க மண்ணில் அது அடுத்தடுத்துத் தென்பட்டிருக்கிறது. புதிய எலுமிச்சை இனப் பழங்களை ஏற்றுமதி செய்வதில் ஸ்பெயினுக்கு அடுத்து நிற்கும் நாடு இது. அந்தத் தோப்புகளில் கூலிக்குப் பழம் பறிக்கும் குடும்பங்களையும் நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்ததை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1998இல் அங்கே ஆசிய சைலிட் காணப்பட்டது. கறிவேப்பிலையின் நெருங்கிய உறவான, வேலியோரம் வெள்ளைப் பூவுக்காக வளர்க்கும் ஆரஞ்சு மல்லிகைக் கன்றுகள் கடை கடையாக விற்கப்பட்டபோது பூச்சியும் அவற்றோடு மாநிலமெங்கும் போனது. 2005இல் நோய் உறுதியானது. 2003–04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த அம்மாநிலத்தில், 2022–23 பருவத்தில், புயலின் அடியும் சேர்ந்து, 2 கோடிப் பெட்டிகூட விளையவில்லை. ரீயூனியன் தீவில் 1970களில் ஒட்டுண்ணிக் குளவிகளை விட்டுப் பூச்சியை அடக்கியதைச் சிலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அது மெய்தான், அந்தக் குளவிகளில் ஒன்று இந்தியாவிலிருந்து போனது. ஆனால் அதே இனக் குளவியை ஃபுளோரிடாவிலும் விட்டார்கள், நோய் நிற்கவில்லை. ஒரு தீவில் பலித்தது பரந்த நிலப்பரப்பில் பலிக்கும் என்று நம்பிக் கன்றைக் கொண்டுவராதீர்கள்.

அனுமதிச் சீட்டு இல்லாமல் எந்தச் செடியையும் கொண்டுவருவது 1983ஆம் ஆண்டின் வேளாண் பூச்சிகள் சட்டப்படி குற்றம். ஊர் எலுமிச்சைக் கன்று, ஆரஞ்சு மல்லிகை, வில்வக் கன்று, மாலையில் கோத்த பச்சைத் தழை எதுவும் வேண்டாம். கறிவேப்பிலைப் பொடியில் பூச்சி உயிரோடு வராது. அதையும் விமான நிலையத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். உள்நாட்டுக்குள்ளும் கிரீனிங் உள்ள வட்டாரத்திலிருந்து இல்லாத வட்டாரத்துக்கு எலுமிச்சைக் கன்றை எடுத்துச் செல்லத் தடை இருக்கிறது. கேப் டவுனில் இருக்கும் மகளுக்கு அன்பாகக் காரில் ஏற்றிப் போகாதீர்கள், அங்கேயே பதிவு பெற்ற நாற்றங்காலில் வாங்கிக் கொடுங்கள்.

இங்கே கறிவேப்பிலைக்கு என்ன பஞ்சம்? டர்பன் வட்டாரத்துச் சாட்ஸ்வொர்த்திலும் டொங்காட்டிலும் தாத்தா காலத்து மரங்கள் முற்றத்துக்கு முற்றம் நிற்கின்றன. அவற்றின் வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றையோ, கறுத்துப் பழுத்த பழத்தையோ பக்கத்து வீட்டில் கேளுங்கள். விதை சீக்கிரம் முளைப்புத்திறனை இழந்துவிடும் என்பதால் சதையை நீக்கிவிட்டு உடனே விதையுங்கள். ஊர்க் கறிவேப்பிலைதான் மணக்கும் என்ற ஏக்கம் எனக்கும் புரிகிறது. அந்த ஏக்கத்துக்காக இந்த நாட்டுத் தோப்புகளைப் பணயம் வைக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

ஏற்கனவே கொண்டுவந்து நட்டுவிட்டவர்கள் பயந்துபோய்ப் பிடுங்கிக் குப்பைமேட்டில் எறியாதீர்கள். செடியைக் குலுக்கினால் பூச்சி அடுத்த மரத்துக்குத் தாவிவிடும். கிளை வெட்டி யாருக்கும் கொடுக்காதீர்கள், இடம் மாற்றாதீர்கள். அருகிலுள்ள வேளாண்மை அலுவலகத்துக்கோ பல்கலைக்கழகத் தாவர நோயியல் துறைக்கோ சொல்லுங்கள். பிடுங்குவதும் அழிப்பதும் அவர்கள் பொறுப்பு. அதற்கு முன், துளிர் நுனியையும் இலையின் அடிப்பக்கத்தையும் கைப்பேசியில் நெருக்கமாகப் படமெடுத்து அனுப்புங்கள்: தலையைத் தாழ்த்தி, பின்புறத்தை 45 பாகைக் கோணத்தில் தூக்கியபடி நிற்கும் பழுப்புநிறப் பூச்சி இருந்தால் பெரும்பாலும் படத்திலேயே அடையாளம் தெரிந்துவிடும், அன்றைக்கே ஆள் அனுப்பவும் முடியும்.