முதலில் வடம், பிறகு கவிதை

ஈழத்துக் கவிஞர் மஹாகவியைப் பற்றித் தரம் 10 பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். இயற்பெயர் உருத்திரமூர்த்தி, பிறந்தது 1927, ஊர் அளவெட்டி, மறைவு 1971 என்று மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். அவருடைய கவிதை ஒன்றைச் சொல்லச் சொன்னால் கொப்பியைத் தேடுவார்கள். நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிற எனக்கு இது நெடுநாள் மனவருத்தம். நம் ஊர்க்காரர், நாம் கதைக்கிற ஓசையிலேயே எழுதியவர், ரியூசன் குறிப்பாகச் சுருங்கிப் போனார்.

அதனால் பள்ளிக்கூடங்களுக்கு நாடகப் பட்டறை நடத்தப் போகும்போது கவிதைத் தாளை முதலில் கொடுப்பதில்லை. நீளமான கயிறு ஒன்றைக் கொண்டுபோவேன். வாங்குகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கயிற்றை நிலத்தில் போட்டால், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவையில்லை. கை தானாக வடத்துக்குப் போகும். "அரோகரா" சத்தம் பக்கத்து வகுப்புவரை கேட்கும். அந்த நேரத்தில் ஒருவர் ஓரத்திலிருந்து வந்து, தானும் இழுக்கக் கை நீட்டுவார். முன்கூட்டியே சிலரிடம் ஒவ்வொரு சொல் எழுதிய துண்டு கொடுத்திருப்பேன்: நில். நிறுத்து. கொல். கொளுத்து. எல்லாம் தேர்வடம் பிடிக்க வந்தவனைச் சாதி பார்த்துத் தடுப்பதைப் பாடுகிற மஹாகவியின் 'தேரும் திங்களும்' கவிதையில் வருகிற சொற்கள். ஒருவர்பின் ஒருவராகக் கத்துவார்கள். மூன்றாவது சொல்லில் சிரிப்பு நின்றுவிடும். கவிதையை அதன் பிறகுதான் வாசிப்போம். பதவுரைக்கு வேலை மிகக் குறைவு.

"இதில நிலா ஏன் ரீச்சர் வருது?" என்று யாராவது கேட்பார்கள். 1969இல் மனிதன் நிலவில் கால் வைத்ததைச் சொல்வேன். அதற்கு முந்தைய வருடம், அளவெட்டிக்குக் கிட்டடியிலுள்ள மாவிட்டபுரத்தில், ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலுக்குள் போக உரிமை கேட்ட ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்ததையும் சொல்வேன். அந்த இரண்டு வருடங்களும் பிறகு அவர்களுக்கு மறப்பதில்லை.

இதைச் செய்ய நினைக்கிற ஆசிரியர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாதி இன்றும் வகுப்பறைக்குள் இருக்கிறது. தொடக்க காலத்தில், தடுக்கப்படுகிறவனாக நடித்த பெடியனை வகுப்பில் சிலர் ஒரு கிழமை அதே சொற்களால் சீண்டினார்கள். பிழை என்னுடையது. அன்றிலிருந்து அந்தப் பாத்திரத்தை நானோ இன்னோர் ஆசிரியரோதான் ஏற்கிறோம். வீட்டுக் கதையைச் சொல்லும்படி எந்தப் பிள்ளையையும் கேட்பதில்லை. முடிந்ததும் துண்டைக் கிழித்துப் போட்டு, தன் பெயரைச் சத்தமாகச் சொல்லி, தண்ணீர் குடித்துவிட்டு வட்டமாக இருக்க வேண்டும். நேரம் போய்விட்டதென்று இந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். அதிபருக்கும் பெற்றோருக்கும் முதலே சொல்லிவிடுவது நல்லது.

நடிக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு மஹாகவியின் குறும்பா என்ற குறுங்கவிதை வடிவம் இருக்கிறது. 1966இல் நூலாக வந்தது, ஒவ்வொன்றும் ஐந்தே வரி. ராப் கேட்கிற பெடியள் அதன் சந்தத்தைக் கைதட்டியே பிடித்துக்கொண்டு தாங்களும் எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

ஒரு பள்ளிக்கூடத்தில் தேரில் இருக்கும் அம்மனாக ஒரு பிள்ளை மேசைமேல் இருந்தாள். கவிதையில் அந்த அன்னை ஊமையாக உட்கார்ந்திருக்கிறாள்.

"நான் ஒண்டும் கதைக்கேலாதோ ரீச்சர்?"

"கவிதையில அவ கதைக்கேல்லைப் பிள்ளை."

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். "கொல்" என்ற சத்தம் எழுந்ததும் இரண்டு காதையும் பொத்தினாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்த கிழமை போனபோது ஒரு தாளை நீட்டினாள். அம்மனுக்கு ஒரேயொரு வரி எழுதியிருந்தாள்.

"நான் இறங்கி வந்து வடம் பிடிக்கட்டோ?"