லாக் ஃபைலை அழித்தால் இடம் திரும்பி வராது

கடந்த ஜூன் மாதம் ஒரு நாள், காலை ஐந்தரை மணி. காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணினி வேலை பார்க்கும் தம்பி போன் செய்தார். "அண்ணா, டோக்கன் பேஜ் ஓபன் ஆகல. கேட்டுக்கு வெளியே தோத்தாபுரி ஏத்துன வண்டி நாற்பதுக்கு மேல நிக்குது. டிஸ்க் ஃபுல்லுன்னு வந்துச்சு, லாக் ஃபைலை அழிச்சிட்டேன். அப்பவும் நூறு பர்சன்ட்தான் காட்டுது."

ஒரு வருடத்துக்குள் இப்படி எனக்கு வந்த ஐந்தாவது அழைப்பு இது. அதற்கு முந்தைய ஆகஸ்டில் ஒகேனக்கல் லாட்ஜ் ஒன்று, ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் இதே காரணத்தால் முன்பதிவு எடுக்க முடியாமல் நின்றது. ஐந்து இடத்திலும் டிஸ்க்கை அடைத்தது வெப் சர்வரின் லாக்தான், அதாவது தளத்துக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு வரியாக அது எழுதி வைக்கும் பதிவு. ஐந்து இடத்திலும் முதலில் செய்த காரியமும் ஒன்றுதான்: ஆர்எம் கட்டளை போட்டு ஃபைலை அழித்தது.

இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை, அதனால் நிதானமாகவே சொல்கிறேன். லினக்ஸில் ஒரு ஃபைலை அழிப்பது என்றால் அதன் பெயரை எடுப்பது மட்டுமே. வீட்டு வாசலில் இருக்கும் கதவு எண் பலகையைக் கழற்றினால், உள்ளே குடியிருப்பவர் காலி செய்துவிட்டார் என்று ஆகுமா? என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் அந்த லாக் ஃபைலைத் திறந்து கையில் வைத்திருக்கிறது. பெயர் போன பிறகும் அது விடாது. பிடித்திருக்கும் வரை அந்த இடம் யாருக்கும் கிடையாது. இன்னும் மோசம், என்ஜின்எக்ஸ் அதே ஃபைலில் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருக்கும். வளர்வது நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதனால்தான் டிஸ்க்கின் மொத்த நிலவரம் காட்டும் டிஎஃப் போட்டால் 100% நிரம்பியதாகவும், ஃபோல்டர் அளவு காட்டும் டியூ போட்டுக் கூட்டினால் பாதிகூட இல்லை என்றும் வருகிறது. அந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் சந்தேகம் வர வேண்டும். எல்எஸ்ஓஎஃப் கட்டளையை +எல்1 சேர்த்துப் போட்டால், பெயர் இழந்தும் திறந்தே கிடக்கும் ஃபைல்கள் வரிசையாக வந்து நிற்கும்.

"அப்போ ரீபூட் பண்ணிட்டா சரியாகிடுமே" என்பார்கள். ஆகும், இடம் வரும். கூடவே எதனால் நிரம்பியது என்பதற்கான சாட்சியும் போய்விடும். பத்து நாள் கழித்து மறுபடியும் அதே இடத்தில் நிற்பீர்கள்.

அந்தத் தம்பி நல்லவேளையாக ரீபூட் செய்யவில்லை. என்ஜின்எக்ஸ் பிடித்திருந்ததால், பெயரில்லாத அந்த ஃபைலை ஓடும் நிரல்களின் விவரம் இருக்கும் ப்ராக் ஃபோல்டருக்குள் போய் என்னால் படிக்க முடிந்தது. 40 ஜிபி டிஸ்க்கில் அது மட்டும் 27 ஜிபி. சர்வரில் நகல் எடுக்க இடமில்லை, கடைசிப் பத்து லட்சம் வரிகளைச் சுருக்கி என் லேப்டாப்புக்கு இழுத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் என்ஜின்எக்ஸுக்கு ரீஓப்பன் கட்டளை கொடுத்தேன். பழைய ஃபைலை விட்டுவிட்டுப் புதியதைத் திறந்தது, இடம் அப்போதே திரும்பியது. டேட்டாபேஸை ஒருமுறை நிறுத்தி எழுப்பினேன். ஆறேகால் மணிக்கு முதல் டோக்கன் போனது.

நிரம்பியதற்குக் காரணம் வைரஸும் இல்லை, ஹேக்கரும் இல்லை. டோக்கன் நிலவரம் காட்டும் பக்கத்தை ஐந்து விநாடிக்கு ஒருமுறை தானாகப் புதுப்பிக்கும்படி எழுதியிருந்தார்கள். மாம்பழம் ஏற்றிய விவசாயிகள் ராத்திரி முழுக்க போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். 300 போன் என்றால் விநாடிக்கு 60 கோரிக்கை, நாளைக்கு ஏறக்குறைய 52 லட்சம் வரி. வரிக்கு 200 பைட் வைத்தாலும் தினம் 1 ஜிபி. ஒரு மாதத்துக்குள் டிஸ்க் நிரம்பியதில் ஆச்சரியமே இல்லை. ஐந்து விநாடியை ஒரு நிமிடமாக மாற்றினோம், பாரம் பன்னிரண்டில் ஒன்றாகக் குறைந்தது. லாக்கைப் படிக்காமல் அழித்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

பழைய லாக்கை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்கிவைக்கும் லாக்ரொட்டேட் என்ன ஆனது என்று கேட்பீர்கள். உபுண்டு லினக்ஸில் என்ஜின்எக்ஸ் போட்டால் தினசரிச் சுழற்சியும் 14 நாள் இருப்பும் கூடவே வருகிறது. ஆனால் அந்த விதி பார்ப்பது வார் லாக் என்ஜின்எக்ஸ் ஃபோல்டரை மட்டும். தளத்தை எழுதியவர் லாக்கைத் தன் வசதிக்குத் தளத்தின் ஃபோல்டருக்குள் மாற்றி வைத்திருந்தார். தயவுசெய்து இதை இன்றே பாருங்கள்: உங்கள் லாக் எந்த ஃபோல்டரில் விழுகிறது, அந்த ஃபோல்டருக்கு விதி இருக்கிறதா? விதி எழுதிய கையோடு லாக்ரொட்டேட்டை -டி சேர்த்து ஓட்டி ஒத்திகை பாருங்கள். சுழற்றிய பிறகு, லாக்கை மறுபடி திறக்கச் சொல்லும் யுஎஸ்ஆர்1 சிக்னல் என்ஜின்எக்ஸுக்குப் போகும்படி எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் பெயர் மாற்றிய பழைய ஃபைலிலேயே எழுதிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, 100 எம்பி ஆனதும் சுழற்று என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் நிறைய. லாக்ரொட்டேட் காவல்காரன் போல நின்று பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அது ஓடும்போதுதான் அளவைப் பார்க்கும், வழக்கமாக ஓடுவது நாளுக்கு ஒருமுறை. சீசன் நேரத்தில் மணிக்கு ஒருமுறை ஓட வையுங்கள்.

நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கர் வைத்திருப்பவர்கள் கவனம். அதன் வழக்கமான ஜேசன் லாக்குக்கு நீங்களாக உச்சவரம்பு வைக்காவிட்டால் வரம்பே கிடையாது. தளம் எழுத உதவும் லாராவெல் போன்றவற்றில், பிழை தேடுவதற்காக விரிவாக எழுதும் டீபக் லாக்கை லைவ் தளத்தில் விட்டுவிட்டுப் போவது பெரிய பொறுப்பின்மை.

அவசரத்தில் இடம் வேண்டுமா? கடைசிச் சில லட்சம் வரிகளை வேறு கணினிக்கு எடுத்துக்கொண்டு, ட்ரங்கேட் கட்டளையால் ஃபைலைப் பூஜ்ஜியமாக்குங்கள். பெயர் அப்படியே இருக்கும், இடம் உடனே வரும். சர்வரை நிறுத்தவும் தேவையில்லை.

லாக்கையே நிறுத்திவிடலாமா என்று ஒரு முதலாளி கேட்டார். கூடாது ஐயா. கணினி அமைப்புகளின் லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவே போட்டிருக்கிறது. நாளை உங்கள் தளத்தில் யாராவது புகுந்தால் எந்த வழியாக வந்தான் என்று சொல்ல வேறு எதுவும் இருக்காது. லாக் வெறும் எழுத்து, சுருக்கினால் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும். சுருக்கிய பழையவற்றை வேறு இடத்துக்கு அனுப்பி வையுங்கள், டிஸ்க்குக்குப் பாரமே தெரியாது.

கடைசியாக, டிஸ்க் 80% தாண்டினால் உங்கள் போனுக்குச் செய்தி வர வேண்டும். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் பத்து வரி ஸ்கிரிப்ட் போதும், அரை மணி நேர வேலை. லினக்ஸின் எக்ஸ்ட்4 வகை டிஸ்க்கில் வழக்கமாக 5% இடம் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். அதனால் தளம் படுத்த பிறகும் உங்களால் ரூட்டாக உள்ளே போய் வேலை செய்ய முடியும், சர்வர் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். அதை நம்பாதீர்கள். அந்த மாங்கூழ் ஆலைக்கு ஸ்கிரிப்டை அன்றே போட்டுக் கொடுத்தேன். அடுத்த சீசனுக்குள் நீங்களும் போட்டுவிடுங்கள், வண்டியோடு வெயிலில் நிற்பது அந்த விவசாயிகள்தான்.