அடுத்த போனும் அதே கம்பெனியில் ஏன்?

பொள்ளாச்சிப் பக்கம் கிணற்று மோட்டாரைக் கழித்துவிட்டுப் புதிது வாங்குகிறவர், பெரும்பாலும் பழைய கம்பெனியையே கேட்பார். அதற்கு புஷ் எங்கே கிடைக்கும், யார் ஒழுங்காகக் காயில் கட்டுவார் என்பது அவருக்கு அத்துப்படி. கம்பெனி மாறினால் எல்லாம் முதலிலிருந்து. பொருளியலார் இதை ‘மாறுவதற்கான செலவு’ (switching cost) என்கிறார்கள். போனிலும் இதே கணக்குதான். கூடவே விளம்பரம் மனதில் போடும் முடிச்சு ஒன்றும் உண்டு.

அந்த முடிச்சை 2004-ல் அமெரிக்காவில் மூளை ஸ்கேன் வைத்தே பார்த்தார்கள். பெயர் தெரியாமல் குடித்தபோது கோக், பெப்ஸி இரண்டுக்கும் விருப்பம் ஏறக்குறைய சமம். கோக் என்று தெரிந்ததும் நினைவுக்குரிய ஹிப்போகேம்பஸ் பகுதி கூடுதலாக வேலை செய்தது, விருப்பமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. பெப்ஸி பெயருக்கு அப்படி நடக்கவில்லை. நாக்கோடு சேர்ந்து நினைவும் தீர்ப்புச் சொல்கிறது.

அந்த நினைவை வளர்க்கத்தான் கேலி விளம்பரம். 2006 முதல் 2009 வரை ஆப்பிள், தன் மேக் கம்ப்யூட்டரையும் விண்டோஸ் பிசியையும் இரண்டு ஆட்களாக நிறுத்திப் பேசவிட்டது. ஐபோன் பெட்டியில் சார்ஜர் இல்லை என்று 2020 அக்டோபரில் சாம்சங் சீண்டியது. 2021 ஜனவரியில் வந்த அதன் கேலக்ஸி எஸ்21 பெட்டியிலும் சார்ஜர் இல்லை. இருந்தும் ஆட்கள் கட்சி மாறிவிடவில்லை. இத்தகைய விளம்பரம் எதிராளியின் வாடிக்கையாளரை இழுப்பதைவிட, ஏற்கெனவே வாங்கியவருக்குத் ‘நாம் எடுத்தது சரி’ என்ற தெம்பைத் தருவதில்தான் அதிகம் பலிக்கிறது என்பது என் கணிப்பு.

ஆனால் இதைவிட இறுக்கமான முடிச்சு பேக்கப், அதாவது போனில் இருப்பதற்கு எடுத்துவைக்கும் நகல். திருப்பூரில் பனியன் ஆர்டரைக் கவனிக்கும் ஒரு மெர்ச்சண்டைசரின் சாம்பிள் படம், கலர் அப்ரூவல் எல்லாம் வாட்ஸ்அப்பில் கிடக்கும். ஆண்ட்ராய்டில் அதன் பேக்கப் கூகுள் கணக்கில் சேர்கிறது, ஐபோனில் ஐகிளவுடில். ஒன்றில் எடுத்த பேக்கப்பை மற்றதில் இறக்க முடியாது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குக் கொண்டுபோக, 2022-ல் ஆப்பிளின் ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலியில் வழி வந்தது. அதற்கு ஐபோன் புதிதாக, அல்லது முழுக்க அழித்ததாக இருக்க வேண்டும்; இரண்டிலும் ஒரே நம்பர்; இரண்டும் சார்ஜரில்.

இந்த மாற்றம் கெட்டுப்போவது பெரும்பாலும் கடையிலேயே. கோவை கிராஸ்கட் ரோட்டில் வாங்கிய கையோடு செட்டப்பை முடித்துத் தரச் சொல்லிவிடுகிறோம். பிறகு சாட்டைக் கொண்டுவர ஐபோனை மறுபடி அழிக்க வேண்டியிருக்கும். பெட்டியைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மாற்றிய பின்னும் சாட் பழைய போனில் அப்படியே இருக்கும். புதியதில் பழைய படங்கள் நாலைந்தைத் திறந்து பார்த்த பிறகே பழையதை அழித்து எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுங்கள். காசு கொடுத்து வாங்கிய ஆப்கள் மட்டும் கூட வராது. அவற்றைத் திரும்ப வாங்க வேண்டும்.